நிலமறியாக் கல்வி

2006-ஆம் ஆண்டில் நேஷனல் ஜியாகிரபிக் கழகத்தின் பொருட்டு அமெரிக்காவில் நிகழ்ந்த சோதனையில், 18 முதல் 24 வயதுள்ள இளைஞருள் நூற்றுக்கு 63 பேர் மேற்காசியப் படத்தில் ஈராக்கைச் சுட்டிக்காட்ட இயலாதிருந்தனர். தம் வயதினரே போர்செய்யச் சென்று மூன்றாண்டு கழிந்த நாடு அது! இதனை இளைஞரின் சோம்பல் என்று தள்ளுதல் முறையன்று. அந்நாட்டுப் பள்ளிகளில் பூகோளம் சமூகப்பாடத்தின் ஒரு மூலையில் ஒடுங்கிற்று. ஹார்வர்டு சர்வகலாசாலையோ 1948-இல் அத்துறையையே மூடிற்று. மூத்தோர் மதியாததை இளையோர் எங்ஙனம் மதிப்பர்?

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று ஓதும் தமிழ் மாணவராகிய நாம் நகைத்தற்கும் இடமில்லை. ஈராக்கின் தலைநகர் பாக்தாத் என்றெழுதி மதிப்பெண் பெற்ற யானும், அது டைகிரிஸ் ஆற்றங்கரையில் உள்ளதென்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே படத்திற் கண்டேன்.