எந்தச் சிறு வியாபாரி?

தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று பண்டிகைகள் வரிசை கட்டும் மாதங்களில் ஒரு வேண்டுகோளும் கூடவே வந்துவிடுகிறது. பெரிய கடைகளுக்குப் போகாதீர்கள், அந்நியக் கம்பெனிகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள், பரிசுப் பொருட்களைச் சிறு வியாபாரிகளிடம் வாங்குங்கள் என்று. இடதுசாரித் தோழர்கள் சொல்கிறார்கள், தமிழ்த் தேசியத் தோழர்கள் சொல்கிறார்கள், நம்ம விடுதி மாணவர்களும் துண்டறிக்கை போட்டுக் கொடுக்கிறார்கள். நல்ல விஷயந்தான். எனக்கு இருப்பது ஒரே ஒரு கேள்வி. எந்தச் சிறு வியாபாரி?

நரகாசுரனைக் கொன்ற நாளை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்கிற விவாதம் தனியே நடக்கட்டும். சேரிப் பிள்ளைகள் புதுத்துணி கேட்கத்தான் செய்கிறார்கள். பெத்தவங்க சீட்டுப் போட்டோ வட்டிக்கு வாங்கியோ எடுத்துக் கொடுக்கத்தான் செய்கிறார்கள். அந்தக் காசு யார் கைக்குப் போகிறது என்பதுதான் என் பேச்சு.

'சிறு' என்கிற சொல்லுக்கே ஒரு புனிதம் ஏறிக் கிடக்கிறது. சின்னக் கடை என்றால் ஏழைக் கடை, ஏழை என்றால் நல்லவன். ஊர்த்தெருவில் வாழ்ந்தவனுக்கு இது சரியாக இருக்கலாம். இரட்டைக் குவளை எங்கே இருந்தது? அஞ்சு நட்சத்திர ஓட்டலிலா? கூரைக் கொட்டகை டீக்கடையில்தானே! 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெட்டிக்கடையில் தின்பண்டம் கேட்டார்கள். தலித் பிள்ளைகள். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்க தெருவுக்குக் கொடுக்க முடியாது என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அதைப் படம்பிடித்து ஊரெல்லாம் பரப்பவும் செய்தார்கள். அப்புறம்தான் வன்கொடுமைச் சட்டத்தில் கைது, கடைக்குச் சீல். அந்தக் கடையைவிடச் சின்னக் கடை இருக்க முடியுமா, தோழர்?

நகரத்துச் சூப்பர் மார்க்கெட்டில் காசை நீட்டினால் பொருள் வருகிறது. எந்தத் தெரு என்று எவனும் கேட்பதில்லை. நம்ம பிள்ளைங்க அங்கே போவதை நுகர்வு மோகம் என்று திட்டுகிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும். அதற்காகப் பெரிய முதலாளி நம்மை விடுவித்துவிட்டான் என்று நான் சொல்ல வரவில்லை. ஜவுளிக் கடைகளில் நாளெல்லாம் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடு என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது. பெரிய கடையில் உழைப்புக்கு மரியாதை இல்லை. சின்னக் கடையில் நமக்கே மரியாதை இல்லை.

கடைத்தெருவின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்து பாருங்கள். ஐயங்கார் பேக்கரி, செட்டியார் மளிகை, நாடார் ஸ்டோர், கவுண்டர் மெஸ், தேவர் ஓட்டல். அங்கே சாதிப் பெயரும் ஒரு முதலீடு. சுத்தம், கைப்பக்குவம், நம்பிக்கை எல்லாவற்றையும் அந்த ஒரு சொல் வாங்கிக் கொடுத்துவிடுகிறது. பறையர் மெஸ், அருந்ததியர் பேக்கரி என்று ஒரு பலகை எழுதி மாட்டிப் பாருங்கள், என்ன நடக்கும்? நம்ம ஆளு கடை போட்டால் முருகன் பேரையோ மாதா பேரையோ வைத்துவிட்டு, யாரும் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுவிடக் கூடாதே என்று உட்கார்ந்திருக்கிறான்.

இது இன்றைக்குத் தொடங்கியதல்ல. லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1917இல் இந்தியா திரும்பிய அம்பேத்கர், பம்பாயில் பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஆலோசனை சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள். நிறுவனம் படுத்துவிட்டது. கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவருக்கே இந்தக் கதி. நூறு வருடம் கழித்து, 2018இல், அவிநாசி பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் அந்த அம்மாவை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அந்த உத்தரவு ரத்தானது. சும்மா போடுகிற சோற்றுக்கே இந்தப் பாடு என்றால், அந்தக் கை சுட்ட முறுக்கைக் காசு கொடுத்து வாங்கிப் பரிசாகக் கொடுப்பானா?

பரிசு என்கிற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். பண்டிகையில் ஊருக்கும் சேரிக்கும் நடுவே என்ன பரிமாற்றம் நடந்தது? நாம் பறையடித்தோம், களத்துமேட்டைக் காத்தோம், செத்த மாட்டைத் தூக்கினோம். திரும்ப வந்தது பழைய வேட்டி, மிஞ்சின சோறு, முறத்தில் கொஞ்சம் நெல். அதற்கு இனாம் என்று பேர். வாங்கிக்கொள்வதற்கே பிறந்தவர்களாக நம்மை வைத்திருந்த ஏற்பாடு அது. செருப்பைப் பாருங்கள். செருப்பைப் பரிசாகக் கொடுக்கக் கூடாது, அது அவமானம் என்று நம்ம வீடுகளிலும் சொல்கிறார்கள். ஏன் அவமானம்? தோலைத் தொட்டுத் தைத்தவனை இழிவு என்று வைத்த புத்திதானே அது! தைத்துக் கொடுத்தவனே ஊர்த்தெருவில் அதைக் காலில் போட்டு நடக்க முடியாமல் கையில் தூக்கிக்கொண்டு போனான். இந்தப் பொங்கலுக்கு நண்பனுக்கு ஒரு ஜோடி தோல் செருப்பு கொடுங்கள். தைத்தவரிடமே, அவர் சொன்ன விலைக்கு வாங்கிக் கொடுங்கள்.

அடுத்ததாக நம்ம வீட்டுக் கணக்கு. மாநாடு நடத்துகிறோம். பிரதிநிதிகளுக்குப் பை, மேடைக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு, சாப்பாடு, பந்தல், அச்சு வேலை. ஏப்ரல் 14க்கு டைரி, படம், இனிப்பு. இந்தப் பணம் முழுக்க எங்கே போகிறது என்று எந்த அமைப்பாவது கணக்குப் பார்த்ததுண்டா? மத்திய அரசு 2012இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கொள்முதல் ஆணையிலாவது, அதன் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் 4 சதவீதம் தலித், பழங்குடிச் சிறுதொழில்களிடம் வாங்க வேண்டும் என்று இருக்கிறது. நம் இயக்கங்களுக்கு அப்படி ஒரு சதவீதம் உண்டா?

சும்மா 'நம்ம ஆளுகிட்ட வாங்குங்க' என்றால் போதாது. சிறுதொழில் செய்கிற நம் பெண்களுக்கு முதல் இடி பண்டிகைக்கு முந்தின மாதம் விழுகிறது. மாவு, எண்ணெய், துணி, தோல் எல்லாம் ரொக்கம். கையில் இல்லை. கந்து வட்டிக்கு வாங்குகிறார்கள். விற்று வருவது வட்டிக்கே போகிறது. ஊழியர் சங்கமோ விடுதி மாணவர்களோ ஒரு மாதம் முன்னாலேயே இத்தனை பொட்டலம் முறுக்கு, இத்தனை பை என்று கேட்டு, பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தால் அந்த வட்டிக்காரனுக்கு வேலை இல்லை. பேரம் பேசாதீர்கள். கடன் சொல்லாதீர்கள். சரக்கு சரியில்லை என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள், அடுத்த முறை சரியாகச் செய்வார்கள். இரக்கப்பட்டு வாங்குவதும் இனாம்தான்.

இப்படி நடந்ததற்குக் கண்முன்னே வரலாறு இருக்கிறது. நாடார்கள் தங்கள் வியாபாரத்திலிருந்து மகமை பிடித்தே 1889இல் விருதுநகரில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கினார்கள், இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். கோவில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவர்கள் கடைத்தெருவில் எழுந்து நின்றார்கள். அதே கையோடு க்ஷத்திரியர் என்று உரிமை கோரி நம்மிடமிருந்து விலகியும் நின்றார்கள். வழியை எடுத்துக்கொள்வோம், போய்ச் சேர்ந்த இடத்தை வேண்டாம் என்போம்.

தோல், கூடை, பறை என்று பேசினால் மறுபடியும் குலத்தொழிலுக்கே தள்ளுகிறாயா என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தத் தொழிலை யாரும் செய்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கணினி பழுது பார்க்கிற நம்ம பையனும், நீலம் மாதிரி நம்மவர் நடத்தும் பதிப்பகங்களும், தையல் மிஷினோடு உட்கார்ந்திருக்கிற அக்காவும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். தோல் வேலை செய்கிறவர் விரும்பிச் செய்தால் விலை கிடைக்கட்டும். விட்டுவிட நினைத்தால் கையில் நாலு காசோடு விட்டுவிடட்டும்.

கடையில் வாங்குவதால் சாதி ஒழிந்துவிடாது. பஞ்சமி நிலம் திரும்ப வராது. அந்தப் போராட்டங்கள் தெருவில்தான் நடக்க வேண்டும். ஆனால் போராட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் பிள்ளைக்குப் பண்டம் வாங்குகிறோமே, அந்தக் காசு யார் கல்லாவில் விழுகிறது என்று பார்ப்பதற்கு எந்தப் புரட்சிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

சிறு வியாபாரிகளை ஆதரியுங்கள் என்று துண்டறிக்கை நீட்டுகிற தோழர்களிடம் ஒன்று கேளுங்கள். உங்க வீட்டுத் தீபாவளிப் பலகாரத்தைச் சேரியில் சொல்லிச் செய்து, உங்க சொந்தக்காரங்களுக்கு யார் செய்தது என்று சொல்லியே கொடுப்பீர்களா? சரி என்கிறவரிடம் துண்டறிக்கையை வாங்கிக்கொள்ளுங்கள். விலாசத்தையும் கொடுத்து அனுப்புங்கள்.