வான அலைகளும் நம் பட்டறையும்

அரிமளம் போன்ற ஊர்களில் பௌதிகமும் யந்திரத் தொழிலும் கற்ற வாலிபர்கள் பிழைப்புத் தேடி வெளியூர் செல்கின்றனர். வானத்திலிருந்து வரும் மில்லிமீட்டர் ரேடியோ அலைகளை ஏற்கும் கருவிகளைச் செய்யும் உயர்ந்த தொழிலை அவர்கள் அருகிலேயே நிறுவலாம் என்று நாம் கூறினால், சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

இவ்வித்தை நம் தேசத்துக்குப் புதிதன்று. 1890-களிலேயே ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் 5 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறிய அலைகளை உண்டாக்கி, அவற்றை ஏற்கும் உலோகக் கூம்பையும் படிகக் கருவியையும் தாமே அமைத்தார். 1904-ல் அப்படிகக் கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நட்சத்திரங்கள் பிறக்கும் குளிர்ந்த மேகங்களை இன்று உலகம் ஆராய்வது இத்தகைய அலைகளைக் கொண்டே. அம்மேகங்களிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு வாயுவின் 2.6 மில்லிமீட்டர் அலை 1970-ல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஆனால், சிலி நாட்டு மலைமேட்டில் 66 ஆண்டெனாக்களுடன் விளங்கும் 'அல்மா' நிலையத்தை நடத்தும் தேசங்களுள் நமது தேசம் இல்லை. வழிகாட்டியவர் சந்ததி வாசலில் நிற்பது முறையா?

காற்றிலுள்ள ஈரம் இவ்வலைகளை விழுங்கிவிடும். ஆகவே தொலைநோக்கிக்கு லடாக்கின் ஹான்லே போன்ற உயர்ந்த, வறண்ட இடமே ஏற்றது என்பது மெய்தான். ஆனால் உறுப்புகளைச் செய்ய உயர்ந்த மலை வேண்டியதில்லை. நுட்பமான கையும் நல்ல பட்டறையுமே வேண்டும்.

அலையை முதலில் வாங்கும் உறுப்பு, நாகஸ்வரத்தின் அணசைப் போன்றதொரு சிறு கூம்பு. அதன் உட்புறம் வளையம் வளையமாக நுண்ணிய பள்ளங்கள் அமையவேண்டும். அலுமினியத்தில் அச்சுக் கடைந்து, மின்சாரத்தால் அதன்மேல் தாமிரம் படியவைத்து, பின்னர் அச்சைக் கரைத்து நீக்குவது ஒரு வழி. மெழுகை உருக்கி நீக்கி விக்கிரகம் வார்க்கும் நாட்டாருக்கு இம்முறை அந்நியமாகாது. அரிமளத்துக்கு அண்மையிலுள்ள காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதால் எழுந்து, 1953-ல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உலோகத்தை மின்சாரத்தால் படியச் செய்யும் வித்தை அந்நிலையத்தின் துறையைச் சேர்ந்ததேயாம்.

அந்நிலையமும் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையமும் கூடி இங்கே ஒரு சிறு பட்டறை தொடங்கவேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம். சர்க்கார் பொருளுதவி புரியட்டும். சுற்றுவட்டத்து வாலிபர்களுக்கு அதில் பயிற்சி அளிக்கட்டும். கருவியை விலைக்கு வாங்குகிறவன் பிறர் அனுமதித்த அளவே காண்பான். தானே செய்கிறவன் பிறர் காணாததையும் காண்பான். விஞ்ஞானத்தில் சுயராஜ்யம் என்பது இதுவே.