குருவி எங்கே போயிற்று?

சிட்டுக்குருவியைச் செல்போன் கோபுரம் கொன்றுவிட்டதாம்! நம்புவதற்குச் சுகமான கதை. பழி நம் வீட்டு வாசலுக்கு வராதல்லவா? லண்டன் கென்ஸிங்டன் தோட்டத்தில் 1925-ல் எண்ணியபோது 2,603 குருவிகள், 1948-ல் 885. அப்போது எந்தக் கோபுரம் ஐயா இருந்தது? குதிரை வண்டி போய் மோட்டார் வந்தது; வீதியில் சிந்திய தானியமும் போயிற்று.

நம் ஊரில் பழி நம்முடையதுதான். குருவி தானியம் தின்னும். ஆனால் பொரித்த குஞ்சுக்கு முதல் சில நாட்கள் புழு பூச்சிதான் ஆகாரம். நாமோ அவரைப் பந்தலைப் பிடுங்கினோம், முற்றத்துக்குச் சிமெண்டு பூசினோம், மிச்சமிருந்த செடிக்கு மருந்தடித்தோம். ஓட்டுக் கூரையில் கூடு கட்ட இடுக்கு இருந்தது. கான்கிரீட்டில் அதுவும் இல்லை. சிட்டுக்குருவி தினமென்று மார்ச் 20-ந் தேதி மரப்பெட்டி மாட்டுகிறோம். பெட்டி சரி, பூச்சி எங்கே?