ஏஎஃப்டி கேட்டில் நிற்கும் ஆம்புலன்ஸ்



பாகூர் பக்கமிருந்து கடலூர் சாலையில் வரும் 108 வண்டி நம்ம முதலியார்பேட்டையைத் தாண்டித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஏஎஃப்டி ரயில்வே கேட் மூடியிருந்தா என்ன கதின்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அந்த வண்டிக்குள்ளே, ஏழு மாதத்தில் பிறந்த குழந்தை மூச்சுத் திணறிக்கிட்டு இருந்தால்?

குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் காற்றறைகளை விரித்து வைக்கும் திரவம் போதுமான அளவு சுரந்திருக்காது. மூச்சை விடும்போதெல்லாம் அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அடுத்த மூச்சுக்கு அந்தப் பிஞ்சு மறுபடி முழு பலத்தோடு போராடணும். 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்கூட்டியே பிறந்து, இதே கோளாறில் இரண்டே நாளில் இறந்துபோனான். அதிபர் பதவியாலும் பணத்தாலும் காப்பாற்ற முடியலை.

இன்றைக்கு வழி இருக்கு. சிபாப் கருவி, மூக்கில் வைத்த சின்னக் குழாய் வழியாகக் காற்றை லேசான அழுத்தத்தோடு அனுப்பிக்கிட்டே இருக்கும், காற்றறை மூடிக்கொள்ளாது. அதன் எளிய வகையில் குழாயின் மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள் முங்கியிருக்கும், குமிழி வந்துக்கிட்டே இருக்கும். வழிப்பயணத்துக்கென்றே பெங்களூரில் ஒன்று செய்திருக்காங்க. கரண்டிலும் பேட்டரியிலும் ஓடும், இரண்டும் இல்லேன்னா கையால் இயக்கலாம். பெயர் ‘சான்ஸ்’, இந்தியில் மூச்சுன்னு அர்த்தம். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான நிதேஷ் குமார் ஜாங்கிருக்கு 2019-ல் காமன்வெல்த் விருதே கிடைத்தது.

எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி மருத்துவமனையும் ஜிப்மரும் முதலியார்பேட்டைக்காரங்களுக்குப் பக்கம். காரைக்காலிலிருந்து அனுப்பப்படும் குழந்தைக்கு 130 கிலோமீட்டர் தாண்டணும். இந்தக் கோளாறோ பிறந்த சில மணி நேரத்திலேயே முற்றிவிடும்.

அதனால் தொகுதிக் குழு சுகாதாரத் துறையிடம் நேராகவே கேட்கிறது: புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாமில் ஓடும் ஆம்புலன்ஸ்களில் எத்தனையில் பச்சைக் குழந்தைக்கான சிபாப் இருக்கு? அதை இயக்கத் தெரிந்த ஊழியர் எத்தனை பேர்? எண்ணிக்கையை வெளியிடுங்க. இல்லாத வண்டிகளுக்கு வாங்கிக் கொடுங்க.

இன்னொன்று. 34 வாரத்துக்கு முன்னாடியே வலி வந்த தாய்க்குப் போடும் டெக்ஸாமெத்தசோன் ஊசி, வயிற்றிலிருக்கும் குழந்தையின் நுரையீரலைத் தயார்படுத்தும். ரொம்ப மலிவான மருந்து. முதல் ஊசியைப் போட்டபிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்னு 2014-லேயே மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. நம்ம ஆரம்ப சுகாதார நிலையங்களில் அந்த மருந்து எப்பவும் கையிருப்பில் இருக்கான்னும் பதில் வரணும்.

– முதலியார்பேட்டை தொகுதிக் குழு