பாறசாலையில் நிற்காத பேருந்து: நம் பண்பாட்டுச் சுற்றுலாக்கள் குறித்து

கருத்தரங்க அழைப்பிதழ்களின் கடைசிப் பக்கத்தைக் கவனமாகப் படிப்பது என் வழக்கம். திருவனந்தபுரத்தில் நடக்கும் நிகழ்வு என்றால் அந்தப் பக்கத்தில் 'பண்பாட்டுச் சுற்றுலா' என்ற தலைப்பின்கீழ் ஏறக்குறைய ஒரே நிரல்தான் இருக்கும். முதல் நாள் மாலை நேப்பியர் அருங்காட்சியகம், சித்ரா ஓவியக்கூடம், குதிரமாளிகை. மறுநாள் பத்மநாபபுரம் அரண்மனை, அங்கிருந்து கன்னியாகுமரியில் சூரிய அஸ்தமனம். தங்குவதற்குக் கோவளத்திலோ பூவாற்றிலோ ஒரு விடுதி. நவராத்திரிக் காலமாக இருந்தால் கோட்டைக்குள் ஒரு கச்சேரி.

இந்த நிரலில் பார்க்கத் தகாத இடம் எதுவும் இல்லை. ஆனால் திருவனந்தபுரத்துக்கும் பத்மநாபபுரத்துக்கும் இடையில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலை இருக்கிறது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. பேருந்து எங்கும் நிற்பதில்லை. மிஞ்சினால் தேநீருக்கு நிற்கும். தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புழங்கும் நிலப்பகுதியைத் தமிழாய்வாளர்களும் மலையாள ஆய்வாளர்களும் உறங்கியபடியே கடந்துவிடுகிறார்கள். அறிக்கையில் மட்டும் 'தென்திருவிதாங்கூர்ப் பண்பாட்டை நேரில் கண்டறிந்தோம்' என்று எழுதிக்கொள்கிறோம். இந்த வாக்கியம் உண்மையன்று என்பதே இப்பதிவின் வாதம்.

நவராத்திரியிலிருந்து தொடங்குவோம். திருவிதாங்கூரின் தலைநகர் 1795இல் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரசு போன இடத்துக்கு விழாவும் போயிற்று. இன்றும் ஆண்டுதோறும் பத்மநாபபுரத்துத் தேவாரக்கெட்டுச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகப் புறப்படுகின்றனர். அரண்மனையில் உடைவாள் கைமாறுகிறது. முதல் இரவு குழித்துறையில், இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோவிலில், மூன்றாம் நாள் திருவனந்தபுரத்தில் எனப் பயணம் அமைகிறது. களியக்காவிளையில் இரு மாநில அதிகாரிகளும் காவலர்களும் கூடி வழியனுப்பவும் வரவேற்கவும் செய்கிறார்கள். சரஸ்வதி நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் எழுந்தருளுகின்றனர். அச்சரஸ்வதி கம்பர் வழிபட்ட திருமேனி என்பது வழிவழி வரும் நம்பிக்கை. அதை வரலாறாக ஏற்க வேண்டியதில்லை. ஆனால் மலையாள நாட்டின் தலைநகரில் நடக்கும் அரச விழாவுக்குத் தமிழ்ப் புலவர் பெயரால் ஒரு தெய்வம் நடந்து வருகிறது என்று ஒரு சமூகம் நம்பியிருக்கிறதே, அந்த நம்பிக்கை ஆய்வுக்குரியது.

நாம் என்ன செய்கிறோம்? கச்சேரிக்கு இருக்கை தேடுகிறோம். மூன்று நாள் நடையை 'ஊர்வலம்' என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிடுகிறோம். அந்த விழாவின் முதற்பாதி சாலையில் நடக்கிறது. விளக்கேற்றிக் காத்திருக்கும் வீடுகளையும், எந்த மொழியில் எந்தத் தெய்வத்தை அழைக்கிறார்கள் என்பதையும் பாறசாலையில் நின்றால்தான் அறிய முடியும்.

அந்த மண்டபத்தின் கதையிலும் பாறசாலைக்கு ஓர் இடம் உண்டு. ஒரு பெண் தெய்வத்துக்காக ஒன்பது இரவு பாடும் அந்த அவையில் பெண்கள் பாட 2006 வரை இடமில்லை. அவ்வாண்டு அந்த வழக்கத்தை முறித்து முதலில் பாடியவர் பாறசாலை பி. பொன்னம்மாள். 1924இல் பிறந்தவர். இன்று சுவாதித் திருநாள் பெயரால் வழங்கும் திருவனந்தபுரத்து இசைக்கல்வி நிறுவனத்தின் முதல் மாணவி. பின்னர் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரிக்கு முதல் பெண் முதல்வர். எண்பது வயதைக் கடந்த பிறகே அம்மண்டபம் அவருக்குத் திறந்தது. 2017இல் பத்மஸ்ரீ பெற்றார், 2021இல் மறைந்தார். நம் சுற்றுலா நிரலில் ஒரு கச்சேரியாக மட்டும் இடம்பெறும் நிகழ்வுக்குள் இவ்வளவு பெரிய நீதிக் கேள்வி கிடக்கிறது. அதை எழுப்பிய பெண்ணின் பெயரோடு ஒட்டியிருக்கும் ஊரை நாம் தொடர்வண்டி நிலையத்தின் பெயர்ப்பலகையாக மட்டுமே அறிவோம்.

அடுத்து, விடுதிகள். பூவாறு நெய்யாறு கடலில் கலக்கும் இடம். அங்குள்ள விடுதிகளில் தங்குவோர் படகில் கழிமுகத்தைச் சுற்றிவந்து நிழற்படம் எடுக்கிறார்கள். அதே ஆற்றின் மேற்கரையில் அருவிப்புறம் இருக்கிறது. 1888இல் நாராயண குரு ஆற்றிலிருந்து கல்லெடுத்துச் சிவனை நிறுவிய இடம். பூணூல் இல்லாத ஒருவர் தெய்வத்தை நிறுவலாமா என்ற கேள்விக்குச் செயலால் விடை சொன்ன இடம். அந்த குரு தமிழில் பதிகம் பாடியவர், திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் தந்தவர், குமரி மாவட்டத்து மருத்துவமலையில் தவமிருந்தவர் என்று சொல்லப்படுபவர். தமிழ்த்துறைகள் அவரைக் கேரளத்துக்குக் கொடுத்துவிட்டன. மலையாளத்துறைகளோ அவருடைய தமிழை அடிக்குறிப்புக்கு அனுப்பிவிட்டன. ஒரே ஆற்றின் கீழ்க்கரையில் இரவு தங்கி, மேற்கரையைப் பாராமல் திரும்புவதற்குப் பண்பாட்டுச் சுற்றுலா என்று பெயர் வைப்பது எப்படிப் பொருந்தும்?

சாலை என்ற பொதுவிடமும் இங்கே எளிதில் கிடைத்ததன்று. நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893இல் வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் சென்றார். அது அவருடைய மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த உரிமை. 1910இல் பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அவர் அழைத்துச் சென்றபோது அப்பள்ளி தீக்கிரையானது. அத்தீயில் பாதி எரிந்ததாகச் சொல்லப்படும் பெஞ்சு ஒன்று அங்கே காக்கப்படுகிறது. பள்ளிக்கு இன்று அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் சூட்டப்பட்டுள்ளது. நேப்பியர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளுக்கு நாம் தரும் மதிப்பில் பாதியையேனும் அந்தப் பெஞ்சுக்குத் தந்திருக்கிறோமா? கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதே வரலாறு என்று நம் மாணவர்களுக்குச் சொல்லாமல் சொல்லிக்கொடுத்துவிட்டோம்.

இன்னும் பின்னே போகலாம். பாறசாலையிலிருந்து எல்லையைத் தாண்டினால் சிறு தொலைவில் பார்த்திவபுரம். 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முன்சிறைச் சபையாரிடம் நிலம் பெற்று அங்கே திருமால் கோவிலும் சாலையும் அமைத்ததைச் செப்பேடு சொல்கிறது. காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 மாணவர்க்கு இடம் வகுத்த கல்விச்சாலை அது. மாணவர் தம்முள் சண்டையிட்டால் தண்டம் என்பது வரை விதிகள் உண்டு. காந்தளூர்ச் சாலை திருவனந்தபுரத்து வலியசாலையோடு இணைத்துப் பேசப்படுவது. இராசராசன் அங்கே 'கலமறுத்தது' மரக்கலத்தையா உண்கலத்தையா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் காந்தளூர்ச் சாலை பற்றித் தனி நூலே எழுதினார். இன்னும் வடகிழக்கே சென்றால் சிதறால். மலைமேல் சமணச் சிற்பங்கள், ஒரு சமணப் பெண்துறவி பொன் அணிகலன் கொடுத்ததைச் சொல்லும் ஆய் மன்னன் காலத்துக் கல்வெட்டு. சாலையின் முன்மாதிரி இன்றைய கேரளத்தில், அதன் படி இன்றைய தமிழகத்தில். இரண்டையும் ஒரே நாளில் பார்க்காதவர் எதையும் முழுதாகப் பார்த்தவரல்லர்.

பழி விழும் இடங்கள் மூன்று. முதலாவது, இரு அரசுகளின் சுற்றுலாப் பார்வை. ஒவ்வோர் அரசுக்கும் எல்லைக்கல் வரைதான் பண்பாடு. பத்மநாபபுரம் மட்டும் விதிவிலக்கு. தமிழக மண்ணில் நிற்கும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை பேணுகிறது. அதுவும் ஒரு தீவாகவே காட்டப்படுகிறது. இரண்டாவது, மொழிச் சிறுபான்மையைக் கோப்புக்குள் வைத்துவிட்ட நிர்வாகம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழர்க்கும் கன்னடர்க்கும் தம் மொழியில் அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த உரிமை தருகிறது. நல்ல சட்டம். ஆனால் விண்ணப்பம் எழுதுவதற்கு மட்டுமா ஒரு மொழி? அதே மக்களின் பாட்டும் வழிபாடும் போராட்டமும் காட்சிக்கூடத்தில் அவர்கள் மொழியிலும் பேசப்பட வேண்டாமா?

மூன்றாவது பழி நம்முடையது, அதுவே பெரியது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு தமிழகத்தோடு இணைக்கக் கோரிய ஒன்பது வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தோரை நினைவுகூர்கிறோம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு இணைந்ததைக் கொண்டாடுகிறோம். எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட நெய்யாற்றின்கரைத் தமிழர் அன்றோடு நம் ஆய்வுத் தலைப்புகளிலிருந்தும் மறைந்தனர். இதை எல்லை மீட்பு முழக்கமாக யாரும் படிக்க வேண்டாம். அவ்வட்டத்தில் தமிழர் பெரும்பான்மையினர் அல்லர். கோடு வரையப்பட்டு எழுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. கோட்டை மாற்றச் சொல்லவில்லை. நம் பாடத்திட்டமும் அந்தக் கோட்டைக் கடக்க அஞ்சுவது ஏன் என்றே கேட்கிறேன்.

1891ஆம் ஆண்டைப் பாருங்கள். சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் அவ்வாண்டு வெளிவந்தது. நாஞ்சில் நாட்டின் மீதான உரிமைப் பூசலே அந்நாடகத்தில் போருக்கு வழிவகுக்கிறது. சி. வி. ராமன் பிள்ளையின் மார்த்தாண்டவர்மா நாவலும் அதே ஆண்டில் வெளிவந்தது. பத்மநாபபுரத்து அரியணைப் பூசலே அதன் களம். ஒரே நிலம், ஒரே ஆண்டு, இரு மொழிகளின் இரு பெரும் படைப்புகள். இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கற்பிக்கும் துறைகள் எத்தனை? இரவிக்குட்டிப் பிள்ளை போர் போன்ற கதைப்பாடல்கள் நமக்கு வில்லுப்பாட்டு. அவர்களுக்குத் தெக்கன் பாட்டு. பாடியவருக்கு இந்தப் பிரிவினை தெரியாது. பதிப்பித்தவர்கள்தாம் பிரித்தோம்.

மறுப்புகள் வரும் என்று தெரியும். 'இரண்டு நாளில் இத்தனையும் முடியாது' என்பார்கள். அருவிப்புறமும் நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் பார்த்திவபுரமும் பத்மநாபபுரச் சாலையை ஒட்டியோ சிறு கிளைவழியிலோ இருப்பவை. சூரிய அஸ்தமனத்தை விட்டுக்கொடுத்தால் நேரம் கிடைக்கும். 'தங்க வசதி இல்லை' என்பார்கள். நெய்யாற்றின்கரை நகரம், எளிய விடுதியில் ஓரிரவு கழிப்பதால் ஆய்வாளரின் மதிப்பு குறையாது. விருந்தினர்க்குக் கடற்கரை விடுதியே தகும் என்பது நம் நிதிக்குழுக்களின் கற்பனை. 'பார்க்க அங்கே என்ன இருக்கிறது' என்ற கேள்விக்கு மேலே விடை சொல்லிவிட்டேன். 'மாணவர்கள் விரும்ப மாட்டார்கள்' என்பது கடைசி மறுப்பு. விரும்பும் வகையில் நாம் ஒருமுறையாவது சொல்லிப் பார்த்தோமா?

ஆகவே சில கோரிக்கைகள். அடுத்த கருத்தரங்கைத் திட்டமிடுவோர் முதல் நாளை அருவிப்புறத்தில் தொடங்கட்டும். ஊரூட்டம்பலம் பள்ளியில் அனுமதி பெற்று அந்தப் பெஞ்சைக் காட்டட்டும். இரவு நெய்யாற்றின்கரையில் தங்கட்டும். மறுநாள் பாறசாலை வழியாகப் பார்த்திவபுரமும் சிதறாலும் பார்த்துவிட்டுப் பத்மநாபபுரத்துக்குப் போகட்டும். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம். கருத்தரங்கின் ஓர் அமர்வை ஊர் நூலகம் ஒன்றில் நடத்தட்டும். கேரளத்தின் நூலக இயக்கம் ஊர்தோறும் படிப்பகம் உண்டாக்கி வைத்திருக்கிறது; எல்லையூர் மக்கள் தம்மைப் பற்றிய கட்டுரையைத் தாமே கேட்டு மறுத்துப் பேசும் வாய்ப்பு அங்கேதான் கிட்டும். நவராத்திரியில் வருவோர் கச்சேரிக்கு முன் ஒரு நாளாவது ஊர்வலத்தோடு நடக்கட்டும். அருங்காட்சியகப் பொறுப்பாளர்களிடம் தமிழ் விளக்கப்பலகைகளைத் துறைகள் எழுத்து மூலம் கேட்கட்டும். மொழிபெயர்ப்பை நாமே இலவசமாகச் செய்து தரலாம். அது மாணவர்க்கு நல்ல பயிற்சியாகவும் அமையும்.

இவற்றில் பெருஞ்செலவு பிடிப்பது எதுவும் இல்லை. அடுத்த அழைப்பிதழை அச்சுக்கு அனுப்புவதற்கு முன், அதன் கடைசிப் பக்கத்தைத் துறைக் கூட்டத்தில் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். களியக்காவிளைக்கு இருபுறமும் அதில் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்று மாணவர்களே எண்ணட்டும்.