ஒரு மண்டலம் பொறுங்கள்... பூனை உங்கள் வீட்டுப் பூனையாகும்!

பூனைக்குட்டி வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள் நிறைய உண்டு. வளர்ந்த பூனை வேண்டும் என்று கேட்பவர்கள் எத்தனை பேர்? அப்படியே யாராவது மனமிரங்கிக் கொண்டுவந்தாலும் ஒரு வாரத்தில் என்ன சொல்கிறார்கள்? "இது பழகாதுங்க. கிட்டப் போனாலே சீறுது. பீரோவுக்கு அடியிலேயே கிடக்குது. சோறு வெச்சாலும் திங்க மாட்டேங்குது..." அடுத்து நடப்பது உங்களுக்கும் தெரியும். ஒரு கோணிப்பை, ஒரு டிவிஎஸ் வண்டி, ஊருக்கு வெளியே ஒரு சந்தை மேடு. அத்தோடு கதை முடிந்தது!

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளில் பூனை பழகாமல் போவதற்குக் காரணம் நம்முடைய அவசரம்தான்.

சித்த மருத்துவத்தில் நாட்பட்ட நோய்க்கு மருந்து கொடுக்கும்போது ஒரு மண்டலம் என்று கணக்கு வைக்கிறோம். 48 நாள். நாலு நாளில் குணம் தெரியவில்லை என்று சூரணத்தைத் தூக்கிப் போடுகிறவரிடம், "ஒரு மண்டலம் சாப்பிடுங்க, அப்புறம் பேசலாம்" என்பேன். வளர்ந்த பூனைக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு இழந்த பூனைகள்

எங்கள் பாலக்கோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ராகி மூட்டை அடுக்கிய வீடு, மளிகைக் கடை, மண்டி, பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகை... எங்கே எலி உண்டோ அங்கே பூனையும் உண்டு. இது உலகம் முழுக்க உள்ள பழைய உறவு. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் மனிதன் பக்கத்திலேயே பூனையையும் புதைத்திருந்ததை 2004-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது.

ஆனால் கடையை மூடுகிறார்கள். குடும்பம் மாற்றலாகிப் போகிறது. சோறு வைத்த பாட்டி காலமாகிவிடுகிறார். பூனை மட்டும் மிஞ்சுகிறது. 1964-ல் பதிவு பெற்ற சென்னை புளூ கிராஸ் போன்ற அமைப்புகள் இப்படிப்பட்ட பூனைகளுக்கு வீடு தேடித் தருகின்றன. நம் ஊர்களில் அந்த வசதி ஏது? பக்கத்து வீட்டுக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு.

ஏன் ஒளிந்துகொள்கிறது?

நாய் ஆளைப் பற்றும். பூனை இடத்தைப் பற்றும். கதவு நிலையிலும் மேஜைக் காலிலும் பூனை கன்னத்தைத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். தன் வாசனையைப் பூசி, 'இது என் இடம்' என்று அது எழுதி வைக்கிற பட்டா அது. அந்தப் பட்டா முழுவதும் ஒரே நாளில் பறிபோனால் எப்படி இருக்கும்? போதாததற்கு, சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். வளர்ந்த பூனை முன்பு எங்கே என்ன சூடு கண்டதோ, யாருக்குத் தெரியும்!

அது சீறுவதைத் திமிர் என்று நினைக்காதீர்கள். 'தயவு செய்து கிட்ட வராதே' என்று அதற்குத் தெரிந்த மொழியில் கெஞ்சுகிறது.

முதல் மூன்று நாள்: ஒரே ஒரு அறை

முழு வீட்டையும் காட்டாதீர்கள். ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு சிறிய அறை போதும். ஜன்னலை மூடுங்கள். ஒரு மூலையில் தண்ணீரும் சாப்பாடும், எதிர் மூலையில் மலஜலம் கழிக்க ஒரு அகலமான தட்டு. அதில் மணலோ காய்ந்த மண்ணோ போடலாம். நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் தேங்காய் நார்த்தூளும் நல்லதுதான். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இந்தத் தட்டை வைத்தால் பூனை இரண்டையும் ஒதுக்கிவிடும்.

முக்கியமான பொருள் ஒன்று உண்டு. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அட்டைப்பெட்டி! மளிகைக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். ஒரு பக்கம் வாசல் வெட்டிக் கவிழ்த்து வையுங்கள். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்தில் புதிதாக வந்த 19 பூனைகளைக் கவனித்து 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த பூனைகள், கிடைக்காத பூனைகளைவிடச் சீக்கிரம் பயம் தெளிந்தன. ஒளிய இடம் கொடுத்தால்தான் வெளியே வரத் தைரியம் வரும்.

பெட்டிக்குள் கையை விட்டு இழுக்காதீர்கள். பிள்ளைகளிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நீங்கள் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள், பூக்கட்டுங்கள், மெல்லப் பேசுங்கள். அது பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

வந்த பூனையை உடனே குளிப்பாட்டுவதும் வேண்டாம். அந்த அறையைப் பினாயில் ஊற்றித் துடைக்கவே கூடாது. ஒன்று, பூனை பூசிய வாசனை போய்விடும். இரண்டு, பினாயில் பூனைக்கு நஞ்சு. காலில் பட்டதை நக்கியே உள்ளே கொண்டுபோய்விடும். சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும்.

கை வைத்தியம் வேண்டாம்!

வைத்தியனாக இருந்துகொண்டு இப்படிச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். நம் கல்லீரல் சுலபமாக உடைத்து வெளியேற்றும் பல பொருள்களைப் பூனையின் கல்லீரலால் உடைக்க முடியாது. காய்ச்சல் என்று நினைத்து நாம் போடும் பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், தலைவலித் தைலம் எதுவும் ஆகாது. வெங்காயமும் பூண்டும் அதன் ரத்த அணுக்களை அழிக்கும். ஆகவே குழம்பு ஊற்றிய சோறு வேண்டாம்.

பால்? அதுவும் சந்தேகம்தான். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதியாகும். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி, முள் எடுத்த மீன், வெந்த முட்டை, இவற்றோடு கொஞ்சம் சோறு பிசைந்து வையுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம். சைவக் குடும்பத்தார் தயிர் சோற்றிலேயே பூனையை வளர்க்க ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் பூனையின் உடம்புக்கு மாமிசத்தில் உள்ள டாரின் என்ற சத்து கட்டாயம் தேவை. அது இல்லாவிட்டால் பார்வையும் இதயமும் கெடும். கடையில் விற்கும் பூனைத் தீவனத்தில் அது சேர்த்திருப்பார்கள். அதையாவது வாங்கிப் போடுங்கள்.

முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். இரண்டு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் காத்திருக்காதீர்கள். பட்டினி கிடக்கும் வளர்ந்த பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆண் பூனை அடிக்கடி தட்டில் உட்கார்ந்து முக்கி, சிறுநீர் வராமல் தவித்தால், அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பது அங்கே கிடையாது.

பூனைவணங்கி தெரியுமா?

சித்த மருத்துவக் கல்லூரியில் குணபாடம் படித்தவர்களுக்குக் குப்பைமேனியின் இன்னொரு பெயர் தெரியும்... பூனைவணங்கி! வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை தேடி வந்து முகர்ந்து புரளும் என்பதால் வந்த பெயர். நல்ல சகுனம் என்று இலையை அரைத்து ஊட்டிவிடாதீர்கள். அதன் சாறு வாந்தி எடுக்க வைக்கும். கழுவிய வேரைத் துணியில் முடிந்து, பெட்டிக்கு அருகே சிறிது நேரம் வைத்துப் பின் எடுத்துவிடலாம். சில பூனைகள் சொக்கிப்போகும். சில திரும்பியும் பார்க்காது. பயம் தெளிவிக்கும் மருந்து அதில் இல்லை, விளையாட்டுதான். பயத்துக்கு மருந்து நாள்தான்.

நாலாம் நாள் முதல்...

பூனையை உற்று முறைக்காதீர்கள். அதன் கண்ணைப் பார்த்து, உங்கள் கண்ணை மெல்ல மூடி மெல்லத் திறங்கள். அதுவும் பதிலுக்கு அப்படிச் செய்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இப்படிச் செய்கிறவர்களிடம் பூனைகள் கூடுதலாக நெருங்கி வருவதை இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2020-ல் எழுதியிருக்கிறார்கள்.

அது தானாக வந்து உங்கள் காலில் உரசட்டும். பிறகு அறைக் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். திரும்பி ஓடி ஒளிய அந்த அறை எப்போதும் திறந்திருக்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் நேருக்கு நேர் விடாதீர்கள். ஒன்று படுத்த துணியை மற்றொன்றின் இடத்தில் போட்டு, வாசனை மூலம் முதலில் அறிமுகம் செய்யுங்கள். தீபாவளி, கல்யாணம், வெள்ளையடிப்பு சமயத்தில் புதுப் பூனையைக் கொண்டுவரவே வேண்டாம்.

நான்கு வாரமாவது வெளியே விடாதீர்கள். அதற்குள் விட்டால் பழைய இடத்தைத் தேடிப் போய்விடும். போகிற வழியில் ரோடு இருக்கிறது, நாய் இருக்கிறது.

வீட்டாருக்கு மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று: 'பூனை முடி வயிற்றுக்குள் போனால் ஆஸ்துமா வரும்' என்பது பாதி உண்மைகூட இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம் சிலருக்கு ஒவ்வாது. வீட்டில் ஏற்கெனவே இழைப்பு உள்ளவர் இருந்தால் கொண்டுவருவதற்கு முன்பே யோசியுங்கள். கொண்டுவந்த பிறகு துரத்தாதீர்கள்.

இரண்டு: கர்ப்பிணிப் பெண்கள் மலத் தட்டைச் சுத்தம் செய்யக் கூடாது. டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி அதில் இருக்கலாம். வெளியே வந்து ஒரு நாளாவது கழிந்த பிறகே அது தொற்றும் என்பதால், வீட்டில் வேறு யாராவது தினமும் தட்டைச் சுத்தம் செய்துவிட்டால் பயம் வெகுவாகக் குறையும். அதற்காக மாசமாக இருக்கும் பெண்ணைக் காரணம் காட்டிப் பூனையைத் தெருவில் விட வேண்டியதில்லை. சரியாக வேகாத கறியும் கழுவாத கீரையும்கூட அதே கிருமியைத் தரும்.

மூன்று: பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, காப்பித்தூள், மஞ்சள் எதுவும் அப்பாதீர்கள். நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை இலவசமாகவே போடுகிறார்கள். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். ரேபிஸ் வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக நடக்காத காரியம். இந்த விஷயத்தில் என்னைப் போன்ற சித்த வைத்தியரைத் தேடி வந்து ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள்.

பயந்த பூனையை இழுக்கும்போதும் தூக்கும்போதும் துரத்தும்போதும்தான் பெரும்பாலும் இந்தக் கடி விழுகிறது. பொறுமை காப்பது பூனைக்குச் செய்யும் தயவு என்று நினைக்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கும் அதுதான் பாதுகாப்பு.

மண்டலம் முடியும்போது

பூனை ஓரளவு பழகியதும் கால்நடை மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, கருத்தடை அறுவைக்கும் ஏற்பாடு செய்யுங்கள். இல்லாவிட்டால் இரண்டே மாதக் கர்ப்பத்தில் நாலைந்து குட்டி. நாளைக்கு அவையும் வளர்ந்த பூனைகள்தானே? அவற்றை யார் கேட்டு வாங்குவார்கள்?

மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் முன்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனையைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் எலிகள். காத்திருக்கும் வித்தையைப் பூனைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.

நாற்பத்தெட்டு நாள் கணக்கைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதுவரை 'பழகாது' என்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று ஒரு பத்தியம் வையுங்கள். அந்தக் கோணிப்பையில் ராகி கட்டிக்கொள்ளலாம்!