தள்ளி நடக்கவும் ஒரு சப்பாத்து வேண்டும்



நோன்பு விடுமுறை நெருங்குகிறது. பெருநாள் கழிந்ததும் நடக்கவிருக்கும் இரண்டு நாள் சாகசப் போட்டிக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இம்முறையும் ஆயத்தமாகிறார்கள். ஒரு வாரமாகப் பாடசாலை வாசலிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் எங்களிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "சேர், சைக்கிளுக்கு எந்தச் சப்பாத்து எடுக்கிறது?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை விட எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று நினைத்தோம். இன்னொரு காரணமும் உண்டு. சென்ற வருடம் இதே கேள்விக்கு நாங்கள் சொன்ன பதில் பிழையாகிப் போனது.

நடந்ததைச் சொல்கிறோம். பிள்ளையின் பெயர் வேண்டாம். கட்டாரில் வேலை செய்யும் அவருடைய காக்கா, "தம்பிக்கு எது நல்லது என்று சேர்மாரிடம் கேட்டுச் சொல்லுங்க, நான் வாங்கி அனுப்புறேன்" என்றிருந்தார். அடி எவ்வளவு விறைப்போ அவ்வளவு நல்லது, கார்பன் அடியே எடுங்கள் என்றோம். ஓவர்டைம் காசில் வந்து சேர்ந்தது பளபளக்கும் ஒரு பந்தயச் சப்பாத்து. பயிற்சியெல்லாம் தார் ரோட்டில்தான். எல்லோரும் மெச்சினோம்.

போட்டியின் முதல் நாள் பின்னேரம் மழை. தேயிலைத் தோட்டத்துக் கல் ரோட்டு முடிந்து காட்டுப் பாதை தொடங்கியதும் சைக்கிள் ஓடவே முடியவில்லை. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தள்ளியும் தோளில் சுமந்தும் நடந்தார்கள். சப்பாத்தின் அடி வளையாததால் ஒவ்வொரு எட்டுக்கும் குதி மேலெழும்பி உரசியது. இரண்டு குதியிலும் தோல் உரிந்தது. ஓடையைக் கடக்கும்போது பாசிக் கல்லில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டும் சுளுக்கியது. இவ்வகைப் போட்டியில் அணி ஒன்றாகவே முடிக்க வேண்டும். ஒருவர் நின்றால் நால்வரும் நின்றதுதான். நான்கு பிள்ளைகளின் பல மாத உழைப்பு அந்த ஓடைக் கரையோடு முடிந்தது.

அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. "காக்காவிடம் சொல்ல வேண்டாம் சேர்" என்று மட்டும் கேட்டார். அது எங்களுக்குச் சுட்டது. பிறகு நாங்களே காக்காவுக்கு அழைப்பெடுத்து, பிழை எங்களுடையது என்று சொன்னோம். இதையும் அவர்கள் இருவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்.

பெற்றோருக்காகச் சிறு விளக்கம். சாகசப் போட்டி சைக்கிள் பந்தயம் மட்டுமல்ல. நடை, சைக்கிள், படகு எல்லாம் சேர்ந்தது. கையில் வரைபடமும் திசைகாட்டியும்தான். 1989இல் நியூசிலாந்தில் நடந்த ரெய்ட் கோல்வாஸ் போட்டியிலிருந்து இந்த விளையாட்டு உலகெங்கும் பரவியது. நம் பிள்ளைகளுக்கு ஆசை வந்தது 2019இல் பிஜித் தீவுகளில் நடந்த ஈகோ சேலஞ்ச் தொடரைப் பார்த்துத்தான். 671 கிலோமீற்றர், பதினொரு நாள். அதில் சேற்றுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் காட்சிகளை மறுபடி பாருங்கள். உலகின் தேர்ந்த அணிகளே இறங்கித்தான் நடக்கின்றன.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். சாகசப் போட்டிக்குச் சைக்கிள் சப்பாத்து எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அதைப் போட்டுக்கொண்டு நனைந்த கல்லில் நடக்க முடியுமா என்பதை. எடை, நிறம், பெயர் எல்லாம் அதற்குப் பிறகு.

"கிளிப் போட்டால் வேகம் வருமே சேர்" என்கிறார்கள். ஓரளவு உண்மை. கால் பெடலோடு பூட்டியிருந்தால் குலுக்கலில் கால் நழுவாது, நீண்ட ஏற்றத்தில் உதவும். ஆனால் கிளிப்பிலும் வகை இருக்கிறது. ரோட்டுப் பந்தயச் சப்பாத்துகளில் பெரும்பாலும் மூன்று ஆணித் துண்டு அடியிலிருந்து வெளியே துருத்தி நிற்கும். அதைப் போட்டுக் கல்லில் நடப்பது சீமெந்துத் தரையில் சிரட்டையைக் கட்டிக்கொண்டு நடப்பது போல. அதை எடுக்கவே வேண்டாம். மலைச் சைக்கிளுக்கென்று ஷிமானோ நிறுவனம் 1990இல் அறிமுகப்படுத்திய எஸ்.பி.டி. முறையில் இரண்டு ஆணிதான். உலோகத் துண்டு சிறியது, இறப்பர்ப் பற்களுக்கு நடுவே பள்ளத்தில் ஒளிந்திருக்கும். கிளிப்தான் வேண்டுமென்றால் இதை எடுங்கள். அதிலும் அடி முழுக்க இறப்பர் இருக்க வேண்டும், விரல் பக்கம் கொஞ்சமாவது வளைய வேண்டும். நாங்கள் போன வருடம் சொன்னதும் இரண்டு ஆணி வகைதான், ஆனால் வளையாத அடி. பிழைத்தது அங்கேதான்.

முதன்முறை போகும் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது இன்னும் எளியது. கிளிப்பே வேண்டாம். சிறு ஆணிகள் உள்ள அகலமான தட்டைப் பெடல் ஒரு சோடி பூட்டுங்கள். மலையேறப் போடும் சப்பாத்தோ, ஏற்கெனவே இருக்கும் ஓட்டச் சப்பாத்தோ போதும். அடி மெதுமையானால் நெடுநேரம் மிதிக்கும்போது பாதம் நோகும், அது உண்மை. பெடல் அகலமாக இருந்தால் அந்த நோவு குறையும். இன்னொரு இலாபமும் உண்டு: நடைக்கும் சைக்கிளுக்கும் ஒரே சப்பாத்து என்றால் இரண்டாம் சோடியை முதுகில் சுமக்கத் தேவையில்லை.

இனி வாங்கும் விதம். கடைக்குப் போவதென்றால் பின்னேரம் போங்கள். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்; போட்டியில் அதைவிட வீங்கும். போட்டியில் போடப்போகும் அதே சொக்ஸோடு போட்டு நில்லுங்கள். விரலுக்கு முன்னால் பெருவிரல் அகல இடம் வேண்டும். கடைப் படிக்கட்டில் நுனிக்காலால் ஏறிப் பாருங்கள். குதி எழும்பினால் அந்தச் சோடியை வைத்துவிடுங்கள். கடைக்காரர் என்ன நினைப்பார் என்று கூச்சப்பட வேண்டாம். காசு உங்களுடையது, காலும் உங்களுடையது.

வெளிநாட்டிலிருந்து காக்காமார் அனுப்புவதென்றால் "42ஆம் சைஸ்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு கம்பனியின் 42 இன்னொரு கம்பனியின் 42 அல்ல. இரவில் தாளில் இரண்டு காலையும் வைத்து வரைந்து, நீளத்தை மில்லிமீற்றரில் அளந்து, பெரிய காலின் அளவை அனுப்புங்கள். விமானத்தில் வந்த சப்பாத்தைத் திருப்பிக் கொடுப்பது யாருக்கும் இலேசான காரியமில்லை.

வாங்கிய பின் வீட்டு முற்றத்தில் ஒரு சோதனை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டே தண்ணீரில் நனைத்து ஐம்பது எட்டு நடங்கள். தண்ணீர் வெளியேறுகிறதா, உள்ளேயே நிற்கிறதா? ஈரத்தில் ஊறிய தோல்தான் முதலில் கிழியும். தடித்த தோலில் செய்தது, நீர் புகாது என்று சொல்லி விற்பது எல்லாம் ஓடையில் ஒருமுறை நிரம்பினால் காய மாட்டாது. பிறகு சைக்கிளைத் தோளில் வைத்து ஒரு மணித்தியாலம் மேட்டில் நடங்கள். போட்டி நாளில் புதுச் சப்பாத்து வேண்டவே வேண்டாம். கிளிப் என்றால் குதியை வெளிப்பக்கம் திருப்பிக் காலைக் கழற்றுவது நினைக்காமலே வரும் வரை புல்தரையில் பழகுங்கள், பிடியின் இறுக்கத்தையும் குறைத்து வையுங்கள்.

கடைசியாகப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். விலை கூடிய சப்பாத்து இல்லாத பிள்ளையைப் பார்த்து "இதைப் போட்டுக்கொண்டா போகப் போறாய்?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு பேச்சுக்காகவே கடன்படும் வீடுகள் உண்டு. பழைய மாணவர்கள் யாரிடமாவது நடக்கத்தக்க சோடி சும்மா கிடந்தால் பாடசாலையில் கொண்டுவந்து தாருங்கள். காலளவு பார்த்து உரிய பிள்ளைக்குச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு.

சென்ற வருடம் விழுந்த அந்தப் பிள்ளை இம்முறையும் அணியில் இருக்கிறார். தட்டைப் பெடல், இரண்டு வருடம் பழகிய ஓட்டச் சப்பாத்து. காக்கா அனுப்பியதைத் தார் ரோட்டுப் பயிற்சிக்கு மட்டும் போடுகிறார். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மழை நனைத்த மேட்டில் எங்களுக்கு முன்னால் சைக்கிளைச் சுமந்துகொண்டு ஏறினார். ஒருமுறைகூட வழுக்கவில்லை.

நால்வரும் ஒன்றாகவே முடிவுக் கோட்டைத் தாண்ட அல்லாஹ் துணை புரிவானாக.